கச்சேரியிலிருந்து தேரடிக்கு: யோகர் சுவாமி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்து நல்லூர்க் கோயில் திருவிழாக் காலத்தில் கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வரும் சொந்தக்காரரை அந்தக் கோயிலின் தேரடிக்கும் யாழ்ப்பாணத்திலேயே உள்ள கொழும்புத்துறைக்கும் கூட்டிக்கொண்டு போகும் பொறுப்பு எங்கள் வீட்டில் என் தலையில்தான் விழும். ஆட்கள் மாறுவார்கள், கேள்விகள் மாறாது. வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். எங்கே தொடங்கினாலும் அவர்கள் வந்து நிற்பது ஓரிடத்தில்தான்: நல்ல உத்தியோகத்தில் இருந்த மனிதர் ஏன் அதை விட்டுவிட்டு மரத்தடியில் போய் இருந்தார்?

யோகர் சுவாமி ஆர்? முதலில சுருக்கமாச் சொல்லுங்கோ.

யாழ்ப்பாணத்துச் சைவத் துறவி. 1872 மே மாதம் மாவிட்டபுரத்தில் பிறந்தவர். தகப்பன் அம்பலவாணர், தாய் சின்னாச்சி. பிள்ளைக்கு வைத்த பெயர் சதாசிவன். தாய் வெள்ளெனவே இறந்துபோக, கொழும்புத்துறையில் மாமி முத்துப்பிள்ளை எடுத்து வளர்த்தார். படிப்பு கத்தோலிக்கப் பள்ளிக்கூடத்திலும் பின்னர் புனித பத்திரிசியார் கல்லூரியிலும். தகப்பனுக்கு மலைநாட்டில், மஸ்கெலியாவில், வியாபாரம் இருந்தது. அங்கே கொஞ்சக் காலம் கூடமாட இருந்துவிட்டு, கிளிநொச்சியில் அரசாங்க வேலைக்குப் போனார். 1905இல் நல்லூரில் தன் குருவான செல்லப்பா சுவாமியைக் கண்டார். 1964 மார்ச்சில், 91 வயதில், சமாதியடைந்தார்.

இடையில் அரை நூற்றாண்டு இருந்தது முழுக்கக் கொழும்புத்துறையில், ஒரு சின்ன ஓலைக் கொட்டிலில். அவர் பாடியவையும் சொன்னவையும் நற்சிந்தனை என்ற தொகுப்பாக வந்து யாழ்ப்பாணத்தில் பல வீடுகளின் சாமியறையில் இன்றும் இருக்கிறது.

கவுண்மேந்து வேலையெண்டால் என்ன வேலை? பெரிய பதவியோ?

பெரிய பதவி இல்லை. நீர்ப்பாசன வேலைத்தளத்தில் ஸ்டோர் கீப்பர், அதாவது களஞ்சியத்துக்குப் பொறுப்பானவர். 1890ஆம் ஆண்டையொட்டி அந்த வேலைக்குப் போனார். அப்போதைய வன்னியை இன்றைய கிளிநொச்சி நகரத்தை வைத்து நினைத்துப் பார்க்கக் கூடாது. காடு, நுளம்பு, மலேரியாக் காய்ச்சல். ஆனையிறவுக்கு அப்பால் போகிறேன் என்றால் தாய்மார் அழுது அனுப்பிய காலம். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்குக் கோச்சி, அதாவது றெயில், முழுத்தூரமும் ஓடத் தொடங்கியதே 1905இல்தான். அதற்கு முன் வண்டில் பயணமும் கால்நடையும்தான்.

வேலைத்தளத்தின் களஞ்சியம் என்றால் மண்வெட்டி, அலவாங்கு, கயிறு, மண்ணெண்ணெய் என்று காலையில் எண்ணிக் கொடுக்க வேண்டும், பின்னேரம் எண்ணி வாங்க வேண்டும், பதிவுப் புத்தகத்தில் ஏற்ற வேண்டும். ஒன்று குறைந்தால் துரைக்குக் கணக்குச் சொல்ல வேண்டும். ஆங்கிலம் தெரிந்தவராகவும் கை சுத்தமானவராகவும் இருந்தால்தான் களஞ்சியத் திறப்பு (சாவி) ஒருவர் கையில் இருக்கும். வேலை நேரம் போக மிச்ச நேரம் தியானத்திலும் தேவார திருவாசகத்திலும் போனது. கல்யாணமும் கட்டவில்லை. ஆகையால் துறவு 1905இல் திடீரென்று வானத்திலிருந்து விழுந்தது என்று நினைக்க வேண்டாம். களஞ்சியத்தில் இருந்தபோதே பாதி வந்துவிட்டது.

அந்தக் காலத்தில அரசாங்க வேலையை விடுறது அவ்வளவு பெரிய விசயமோ?

"கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேணும்" என்பது எங்கள் ஊர்ப் பழமொழி. கோறணமேந்து என்றால் கவுண்மேந்து, அரசாங்கம். அதிலேயே பதில் இருக்கிறது. யாழ்ப்பாணத்து மண்ணில் ஆறு இல்லை, பெரிய குளம் இல்லை. தோட்டக்காரன் கிணற்றில் துலா மிதித்துத்தான் புகையிலைக்கு இறைக்க வேண்டும். மிசன் பள்ளிக்கூடங்கள் வந்து ஆங்கிலம் படிப்பித்ததும், படித்த பெடியனுக்கு ஒரு வாசல் திறந்தது: கிளாக்கர், சேவையர், தபால் கந்தோர், றெயில்வே. உள்ளூரில் கிடைக்காதவர்கள் மலாயாவுக்குக் கப்பல் ஏறினார்கள். அங்கிருந்து திரும்பி வந்து கல்வீடு கட்டிய "மலாயன் பென்சனியர்" இல்லாத ஊர் வலிகாமத்தில் இல்லை என்றே சொல்லலாம்.

மாதச் சம்பளம், கடைசியில் பென்சன், நடுவில் நல்ல சீதனம். ஒரு மகன் உத்தியோகத்துக்குப் போனால் தங்கச்சிமார் இரண்டு பேர் கரையேறுவார்கள். அந்த வேலையைக் கையால் விட்டவனை ஊர் என்ன சொல்லியிருக்கும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அடுத்த பதிலைப் பாருங்கள்.

செல்லப்பா சுவாமியை "விசர்ச் செல்லப்பா" எண்டு அம்மம்மா சொல்லுவா. அவரும் கந்தோரில வேலை செய்தவராமே?

ஆம். யாழ்ப்பாணக் கச்சேரியில், அதாவது அரசாங்கச் செயலகத்தில், ஆராய்ச்சி என்ற அந்தக் காலத்துக் கந்தோர்ப் பதவியில் இருந்தவர். கச்சேரி அன்று சுண்டிக்குழிப் பக்கம், பழைய பூங்காவோடு இருந்தது. யுத்தத்தில் இடிந்த அந்தக் கட்டடத்தின் சுவர்கள் இப்போதும் நிற்கின்றன. நல்லூரிலிருந்து நடந்தே போய்வரலாம். அவர் வேலையை விட்டு ஓடிப்போனது இமயமலைக்கு அல்ல. அதே ஊரில், கந்தோரில் தன்னோடு வேலை செய்தவர்கள் நாளாந்தம் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போகக்கூடிய இடத்தில், நல்லூர்க் கோயில் தேர்முட்டிக்குப் பக்கத்தில் போய் இருந்தார். எனக்கு இதுதான் ஆகக் கடினமான துறவாகத் தெரிகிறது. தெரியாத ஊரில் பிச்சை எடுப்பது எவ்வளவோ சுகம்.

விசர், அதாவது பைத்தியம், என்ற பெயரை ஊர் வைத்தது. அவர் அதை மறுக்கவில்லை, வளர்த்தும் விட்டார். தனக்குத்தானே கதைப்பார், சிரிப்பார், கிட்ட வருபவனை ஏசிக் கலைப்பார். சோறு சமைத்து, சாப்பிடும் நேரத்தில் பானையைப் போட்டுடைத்துவிட்டுப் போவார் என்றும் சொல்வார்கள். கும்பிட வந்தவர்களில் பெரும்பாலானோர் அதோடு திரும்பிப் போய்விடுவார்கள். அதுதான் அவருக்கும் வேண்டியிருந்தது போல.

இன்னொராள் நீதவானாம். அது கட்டுக்கதைதானே?

நீங்கள் கேட்பது கடையிற் சுவாமியை. இந்தக் குருபரம்பரையில் செல்லப்பா சுவாமிக்கு முன்னவர். இந்தியாவில், பெங்களூர்ப் பக்கம், நீதிபதியாக இருந்தவர், ஒருவனுக்கு மரண தண்டனை விதிக்க வேண்டி வந்தபோது மனம் உடைந்து ஆசனத்தை விட்டு எழுந்து போனார் என்பது பரம்பரைச் செய்தி. பரம்பரைச் செய்தி என்று சொல்லித்தான் நானும் சொல்கிறேன். சாட்சிக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டிய கதை இல்லை அது. அவர் கடல் கடந்து யாழ்ப்பாணம் வந்ததும், பெரியகடைப் பக்கம் கடைத்தெருவிலேயே திரிந்ததும், அதனால் கடையிற் சுவாமி என்ற பெயர் ஏற்பட்டதும், 1891இல் சமாதியடைந்ததும் ஊரறிந்தவை. சமாதிக் கோயில் வண்ணார்பண்ணை நீராவியடியில் இருக்கிறது.

அப்ப மூண்டு பேரும் உத்தியோகத்தை விட்டவையோ? இது தற்செயலோ?

நீதிமன்றம், கச்சேரி, நீர்ப்பாசனக் களஞ்சியம். தொடர்ந்து மூன்று பேர், மூன்று பேரும் அரசாங்கச் சம்பளத்தை விட்டவர்கள். கேட்பவர்களுக்குப் புல்லரிக்கும். ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகு படித்த ஒரு சைவப் பெடியனுக்கு வேறு என்ன வாசல் இருந்தது என்று மேலே சொல்லியிருக்கிறேன். துறவு யார் வீட்டுக் கதவைத் தட்டினாலும் அந்த வீட்டில் ஒரு உத்தியோகத்தர் இருந்திருப்பார். இதில் அதிசயத்தை விடச் சரித்திரம்தான் கூட.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. மூன்று பேரில் ஒருவரும் வேலையில் தோற்று வந்தவர் இல்லை. துரையோடு கோபித்துக்கொண்டோ, பதவி உயர்வு கிடைக்காமலோ சாமியாராகப் போனவர் என்று ஒருவரையும் ஊர் சொன்னதில்லை. ஊரின் வாய் சும்மா இருக்கிற வாய் இல்லை. அப்படி ஏதும் இருந்திருந்தால் விட்டிருக்காது.

நல்லூர்த் தேரடியில உண்மையில என்ன நடந்தது?

1905. வீதியால் போய்க்கொண்டிருந்த யோகரைப் பார்த்துத் தேர்முட்டிக்குள் இருந்த செல்லப்பா சுவாமி "யாரடா நீ?" என்று அதட்டினார். அவ்வளவுதான். முப்பத்து மூன்று வயது உத்தியோகத்தருக்கு அந்த ஒரு கேள்வி போதுமாக இருந்தது. பேரைச் சொல்வதா, ஊரைச் சொல்வதா, உத்தியோகத்தைச் சொல்வதா? அந்த அதட்டலில் தான் அருள் பெற்றதாகப் பின்னாளில் அவரே பாடியிருக்கிறார்.

செல்லப்பா சுவாமியிடமிருந்து வந்தவை என்று நான்கு வாக்கியங்களைச் சொல்வார்கள்: ஒரு பொல்லாப்பும் இல்லை. எப்பவோ முடிந்த காரியம். நாம் அறியோம். முழுதும் உண்மை. யாழ்ப்பாணத்தில் ஓட்டோவின் பின்கண்ணாடியில்கூட இவற்றைக் காணலாம். இவற்றை எப்படி எடுத்துக்கொள்வது என்பது கடினமான கேள்வி. பின்னால் ஒருவர் கேட்டிருக்கிறார், அங்கே பார்ப்போம்.

விவேகானந்தரைப் பார்த்துத்தான் அவர் மாறினவர் எண்டு வாசிச்சனான்?

விவேகானந்தர் 1897 சனவரியில், அமெரிக்காவிலிருந்து திரும்பும் வழியில், யாழ்ப்பாணம் வந்து இந்துக் கல்லூரியில் பேசினார். பெரிய ஊர்வலம், பெரிய கூட்டம். விசயம் பெரிது, நேரம் குறைவு என்று அவர் பேச்சைத் தொடங்கியதைக் கூட்டத்தில் நின்ற யோகர் சுவாமி கடைசிவரை நினைவு வைத்திருந்தார் என்பார்கள். பாதிப்பு இருந்தது, ஆனால் மாற்றியது தேரடிதான். பேச்சைக் கேட்டு எட்டு வருடம் அவர் களஞ்சியத்துக் கணக்கைத்தான் எழுதிக்கொண்டிருந்தார்.

குருவைக் கண்டவுடன வேலையை எறிஞ்சிட்டு வந்திட்டாரோ?

சினிமாவில் அப்படித்தான் வரும். தேரடியில் அதட்டு வாங்கியபோது அவர் உத்தியோகத்தில்தான் இருந்தார். பிறகு குருவிடம் வந்து வந்து போய், கடைசியில் முழுதாக ஒப்படைத்தார். செல்லப்பா சுவாமி அவரைத் தட்டிக்கொடுத்து வளர்க்கவும் இல்லை. ஒரு திருவிழாக் கூட்டத்தில் "நான் வரும்வரை இங்கேயே இரு" என்று சொல்லிவிட்டுப் போனவர் மூன்று நாள் கழித்துத்தான் திரும்பி வந்தாராம். இவர் அங்கேயே இருந்தாராம்.

1910இல் நடந்ததாகச் சொல்லப்படுவது இன்னும் கடுமை. யோகரையும் கதிரவேலு என்ற இன்னொரு சீடரையும் ஒரு பெரிய கல்லின்மேல் இருத்தி நாற்பது நாள் தவம் செய்ய விட்டார். தேத்தண்ணீரும் தண்ணீரும் மட்டும். நாற்பதாம் நாள் காலையில் குரு இடியப்பத்தோடு வருகிறார். நாற்பது நாள் பட்டினி கிடந்தவர்களுக்கு அந்த வாசனை எப்படி இருந்திருக்கும்! அவர் இடியப்பத்தை அப்படியே மேலே வீசி எறிந்துவிட்டு, ஒரு கட்டையில் இரண்டு யானையைக் கட்ட முடியாது, போங்கள் என்றார். அதுதான் தீட்சை. மடமும் இல்லை, மந்திர உபதேசச் சடங்கும் இல்லை. அதற்குப் பிறகு இருவரையும் தன்னிடம் அவர் சேர்க்கவில்லை. யோகர் கால்நடையாகக் கதிர்காமம் போய்த் திரும்பி வந்து, கொழும்புத்துறைச் சந்தி இலுப்பை மரத்தின் வேரில் இருந்தார். வெயில், மழை எல்லாம் அந்த மரத்தடியில்தான். கொட்டிலுக்குள் போனது பிறகு, அன்பர்கள் வற்புறுத்தி. செல்லப்பா சுவாமி 1915 பங்குனியில் சமாதியடைந்தார்.

காவி கட்டேல்லை, மொட்டையடிக்கேல்லை. பிறகென்ன சந்நியாசி?

வெள்ளை வேட்டி, முடிந்த தலைமுடி, வெண்தாடி. படத்தில் இருப்பதுதான் ஆள். காவி, தண்டு, ஆனந்தாவில் முடியும் பெயர் எல்லாம் ஒரு வழி. அந்த வழியில் போனவருக்கும் எங்களிடையே நல்ல உதாரணம் உண்டு: விபுலானந்த அடிகள். மட்டக்களப்புக் காரைதீவில் மயில்வாகனமாகப் பிறந்து, கொழும்பில் அரசாங்கத் தொழில்நுட்பக் கல்லூரியில் வேலை பார்த்து, மானிப்பாய் இந்துக் கல்லூரியில் அதிபராக இருந்து, 1922இல் சென்னை இராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்து, 1924இல் முறைப்படி சந்நியாசம் பெற்றவர். அதற்குப் பிறகும் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேராசிரியராக வேலை செய்தார். அவர் உத்தியோகத்தை விட்டார் என்பதைவிட உத்தியோகத்துக்கும் காவி கட்டினார் என்று சொல்லலாம்.

செல்லப்பா சுவாமியின் வழி சித்தர் வழி. வெளிக்கோலத்தில் ஒன்றையும் காட்டாமல் இருப்பதே அதன் கோலம். ஒன்றை மற்றதால் அளக்கப் போனால் இரண்டும் பிழைத்துப்போகும்.

வயசான காலத்தில மாடு வளர்த்தவராம். துறவிக்கு மாடு ஏன்?

வள்ளி என்ற பசு. 1961இல் அதற்கு வாழையிலை கொடுக்கப் போனபோதுதான் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. மாதக்கணக்கில் ஆஸ்பத்திரி, அதன்பிறகு சக்கர நாற்காலி. தொண்ணூறு வயதை எட்டப்போகும் மனிதர் மாட்டுக்கு இலை போடத் தானே எழுந்து போயிருக்கிறார் என்பதைத் துறவுக்கு எதிரான சாட்சியாகப் பார்க்க என்னால் முடியவில்லை.

எனக்கும் வேலை வெறுத்துப்போச்சு. அவரைப் போல விட்டிட்டுப் போகலாமோ?

இந்தக் கேள்வியை ஆகக் கூடுதலாகக் கேட்பவர்கள் டொரன்டோவில் ஐ.டி. வேலை பார்க்கும் தம்பிமார். விளையாட்டாகத் தொடங்குவார்கள், முடிவில் குரல் மாறிவிடும். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கொழும்புத்துறைக் கொட்டிலுக்குப் போய்வந்தவர்களின் பட்டியலைப் பாருங்கள். கிளாக்கர், வாத்தியார், டொக்டர், அப்புக்காத்து (வழக்கறிஞர்), எஞ்சினியர். அவர்களில் மிகப் பெரும்பாலானோர் வேலையோடும் குடும்பத்தோடும் இருந்தவர்கள், இருந்தபடியே வந்து போனவர்கள். காலையிலும் பின்னேரத்திலும் பாயில் இருந்து தேவாரம் பாடினார்கள், ஏச்சு வாங்கினார்கள், மறுநாள் கந்தோருக்குப் போனார்கள். உத்தியோகத்தை எறிந்துவிட்டு வா என்று அவர் ஊரைக் கூப்பிடவில்லை. செய்கிற வேலையைச் சிவதொண்டாகச் செய் என்பதுதான் அவர் திரும்பத் திரும்பச் சொன்னது. படிக்கிறவன் படிக்க வேண்டும், கணக்கெழுதுகிறவன் கணக்கை ஒழுங்காக எழுத வேண்டும், எல்லாம் அவனுக்கென்று. தான் விட்டதை மற்றவர் விட வேண்டும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

அவருடைய நிலைமை என்ன என்றும் பார்க்க வேண்டும். மனைவி இல்லை, பிள்ளை இல்லை. வேலை பிடிக்காமல் விட்டதும் இல்லை என்பதை முன்பே சொன்னேன். உங்களுக்கு வெறுத்தது மனேஜரையா, வேலையையா, உலகத்தையா? மனேஜரை என்றால் வேறு கொம்பனி பாருங்கள், அதற்கு இலுப்பை மரம் தேவையில்லை. உலகத்தையே என்றால் முதலில் லீவு போட்டு, போனை நிப்பாட்டி, ஒரு கிழமை சும்மா இருந்து பாருங்கள். அதுவே எவ்வளவு கஷ்டம் என்று மூன்றாம் நாள் தெரிந்துவிடும். நாற்பது நாள் கல்லில் இருந்தவரின் கதை அப்போதுதான் சரியாக விளங்கும்.

அவர் தன்னைத்தானே பார்த்துக்கொண்டார். ஊருக்கு என்ன செய்தார்? இது சுயநலம் இல்லையோ?

பள்ளிக்கூடம் கட்டினாரா, ஆஸ்பத்திரி கட்டினாரா என்று கேட்டால், அந்த வகையில் காட்டக்கூடியது அதிகம் இல்லை. அரசாங்கச் சேவையை விட்டவர் வேறொரு சேவைக்குப் போனார் என்று சுலபமாகச் சொல்லி முடிக்கவும் எனக்கு விருப்பமில்லை. அவர் சேவைக்காகத் துறக்கவில்லை. குரு கேட்ட கேள்விக்குப் பதில் தேடித்தான் துறந்தார்.

ஆனால் பிறகு நடந்ததைப் பாருங்கள். மரத்தடியில் இருந்த மனிதரைத் தேடி ஊர் வந்தது. பின்னாளில் அவரும் ஊர் முழுக்க நடந்தார். வருத்தக்காரரைப் பார்க்கப் போவார், அழைக்காத வீட்டுக்குள் நுழைந்து தேத்தண்ணீர் கேட்பார். சைவர், கத்தோலிக்கர், முஸ்லிம், பௌத்தர் எல்லாரும் வந்தார்கள். ஒரு கந்தோர்க் கடிதத்தையும் பைலையும் அவர் நகர்த்தவில்லை. அவரிடம் ஏச்சு வாங்கிப் போன உத்தியோகத்தர்கள் அதற்குப் பிறகு லஞ்சம் வாங்கக் கூசியிருந்தால் அதையும் கணக்கில் சேர்க்கத்தான் வேண்டும்.

வெள்ளைக்காரரும் சீடராக இருந்தவையாமே?

இருந்தார்கள். 1949 முதல் 1954 வரை இலங்கையின் மகாதேசாதிபதியாக (கவர்னர் ஜெனரலாக) இருந்த சோல்பரிப் பிரபுவின் மகன் அவர்களில் ஒருவர். பிரபுப் பட்டத்துக்கு உரிய மூத்த மகன், சந்தசுவாமி என்ற பெயரில் இங்கே துறவியாக வாழ்ந்தார். தகப்பன் இருந்தது கொழும்பில் இராணி மாளிகையில், மகன் தேடி வந்தது கொழும்புத்துறை ஓலைக் கொட்டிலை. ஆராய்ச்சி வேலையையும் ஸ்டோர் கீப்பர் வேலையையும் விட்ட பரம்பரைக்கு இது ஒரு விசித்திரமான தொடர்ச்சி. அமெரிக்கரான சுப்பிரமுனியசுவாமியும் 1949இல் வந்து கண்டவர். பிற்காலத்தில் ஹவாய்த் தீவில் சைவ மடம் அமைத்தார்.

இயக்கமே வேண்டாமெண்டு இருந்தவர் பிறகேன் சிவதொண்டன் நிலையம் தொடங்கினவர்?

நியாயமான கேள்வி. 1935இல் சிவதொண்டன் என்ற சஞ்சிகை வெளிவரத் தொடங்கியது. 1953இல் யாழ்ப்பாணத்தில் நிலையம் அமைந்தது. மட்டக்களப்பில் செங்கலடியிலும் ஒன்று இருக்கிறது. முரண் என்று சொன்னால் மறுக்க மாட்டேன், ஆனால் நிலையத்துக்குள் ஒருமுறை போய்ப் பாருங்கள். பிரசங்க மேடையை முன்னால் வைத்துக் கட்டிய இடம் இல்லை. வந்தவர் பேசாமல் இருந்துவிட்டுப் போவதற்கான இடம். அவருக்குப் பிறகு பட்டாபிஷேகமும் நடக்கவில்லை, மடாதிபதியும் வரவில்லை.

சண்டையில இவ்வளவு சனம் செத்த பிறகும் "ஒரு பொல்லாப்பும் இல்லை" எண்டு எப்பிடிச் சொல்லுறது?

இந்தக் கேள்விக்கு நான் சுற்றிவளைக்கப் போவதில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு முன்னால் போய் அந்த வாக்கியத்தைச் சொல்லக் கூடாது. செத்தவீட்டில் அதைச் சொல்லி ஆறுதல் படுத்தப் பார்த்தவர்களை நான் கண்டிருக்கிறேன். எனக்குக் கோபம்தான் வந்தது. அது குரு சீடனுக்குச் சொன்னது. பற்றை விட வந்த ஒருவனுக்கு, அவனுடைய பயத்தை உடைக்கச் சொன்னது. அடுத்தவனுடைய துயரத்துக்கு மேல் போட்டு மூடச் சொன்னது அல்ல. அநியாயம் செய்தவனுக்கு அத்தாட்சிப் பத்திரமாகவும் அதை எடுக்க முடியாது.

நான்கு வாக்கியங்களையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். "நாம் அறியோம்" என்பதும் அதே வாயிலிருந்து வந்தது. முதலாவதை உரக்கச் சொல்பவர்கள் மூன்றாவதை மறந்துவிடுகிறார்கள். ஆனால் தனக்குத்தானே சொல்லிக்கொள்பவர் கதை வேறு. எங்கள் பெரியம்மா, யுத்தத்தில் யாழ்ப்பாணத்தை விட்டுச் சனம் வெளியேறிய 1995 இடப்பெயர்வில், சாவகச்சேரிக்கு நடந்தபோது சீலைப் பொதிக்குள் நற்சிந்தனைப் புத்தகத்தை வைத்துக்கொண்டு போனார். செம்மணி வெளியில், மழையில், சனநெரிசலில், ஒரு அடி வைக்க ஒரு மணித்தியாலம் போனபோது இந்த வரியைத்தான் முணுமுணுத்தாராம். அவர் அதை எங்களில் ஒருவருக்கும் உபதேசித்ததில்லை.

நாங்கள் மூண்டு நாள்தான் நிக்கிறம். எங்கெங்க போகலாம்?

ஒரு நாளைக்குள் எல்லாம் பார்க்கலாம். நல்லூரில் தேரடியையும் அதற்குக் கிட்ட உள்ள செல்லப்பா சுவாமி சமாதியையும் பாருங்கள். அங்கிருந்து நீராவியடிக்குக் கடையிற் சுவாமி கோயிலுக்கு ஓட்டோவில் போகலாம். பிறகு காங்கேசன்துறை வீதியில் சிவதொண்டன் நிலையம். அங்கே கதைக்கக் கூடாது, போனை நிப்பாட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். சின்னப் பிள்ளைகளைக் கொண்டுபோவதானால் ஒருவர் வெளியில் நிற்பது நல்லது. கொழும்புத்துறை ஆச்சிரமத்தைக் கடைசியாக, பின்னேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். போகிற வழியில்தான் பழைய கச்சேரி. ஓட்டோக்காரரிடம் சொன்னால் நிற்பாட்டுவார்.

குருபூசை எப்ப? போய்ச் சாப்பிடலாமோ?

யோகர் சுவாமிக்குப் பங்குனி ஆயிலியம், செல்லப்பா சுவாமிக்குப் பங்குனி அசுவினி. நட்சத்திரக் கணக்கு என்பதால் இங்கிலீசுத் திகதி வருடாவருடம் மாறும். ரிக்கற் போடுவதற்கு முன் பஞ்சாங்கத்தைப் பாருங்கள், அல்லது இங்கே யாரிடமாவது கேளுங்கள். குருபூசைக்கு வருகிறவர்களுக்கு அன்னதானம் உண்டு. முதலில் பாட்டு, பூசை, அப்புறம்தான் பந்தி. பசியோடு நேரத்துக்கு வாருங்கள்.